கட்டணமா? கப்பமா?

விடிந்தும் விடியாத நேரம். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்த கீரையையும் கத்தரிக்காயையும் சந்தையில் இறக்கி வைத்து உட்காருகிறார் ஒரு மூதாட்டி. இன்னும் முதல் போணி ஆகவில்லை. அதற்குள் கையில் சீட்டுப் புத்தகத்தோடு ஓர் ஆள் வந்து நிற்கிறான்.

"அப்பத்தா, சீட்டு!"

"இன்னும் போணியே ஆகலையே ராசா."

"போணி ஆனா என்ன, ஆகாட்டி என்ன? உக்காந்த இடத்துக்குக் காசு."

முந்தானை முடிச்சு அவிழ்கிறது. காசு கை மாறுகிறது. மதுரைச் சீமையில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் யார்?

ஒரு பேச்சுக்கு, கூடைக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 300 நாள் கூடை இறக்கினால் 3,000 ரூபாய் ஆகிறது. இந்த 3,000 ரூபாயை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு கணக்கைப் பாருங்கள்.

இந்திய அரசியல் சட்டத்தின் 276-ஆவது ஷரத்து தொழில்வரியைப் பற்றிப் பேசுகிறது. ஒரு மனிதர் தன் தொழிலுக்காக உள்ளாட்சிக்குச் செலுத்தும் வரி வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று அது வரம்பு கட்டியிருக்கிறது. 1950-ல் அந்த வரம்பு 250 ரூபாய். 1988-ல் கொண்டுவரப்பட்ட அறுபதாவது திருத்தத்தால் அது 2,500 ரூபாய் ஆயிற்று. இன்றும் அதுதான் வரம்பு. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வைத்து ஆலை நடத்தும் நிர்வாக இயக்குநரானாலும் சரி, ஒரு வழக்குக்கு லட்சக்கணக்கில் பீஸ் வாங்கும் வக்கீலானாலும் சரி, 2,500 ரூபாய்க்கு மேல் தொழில்வரி என்று அவரிடம் யாரும் கேட்க முடியாது. அரசியல் சட்டமே அவருக்குக் குடை பிடிக்கிறது.

கூடை இறக்கும் அப்பத்தாவுக்கு அப்படி ஒரு குடை இல்லை. அவரிடம் வாங்குவதற்குப் பெயர் வரி அல்ல, "கட்டணம்". கட்டணத்துக்கு அரசியல் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. ஆகவே நாளுக்குப் பத்து ரூபாய் கொடுக்கும் கூடைக்காரர், கோடீஸ்வரரின் தொழில்வரியைக் காட்டிலும் வருஷத்துக்கு 500 ரூபாய் அதிகமாகக் கொடுத்துவிடுகிறார்!

இது எப்படி நடக்கிறது? நகரசபைகளும் மாநகராட்சிகளும் லைசென்சுக்கும் பெர்மிட்டுக்கும் சந்தைச் சீட்டுக்கும் எப்படி ரேட் போடுகின்றன? அப்படிப் போடுவதற்கு நியாயம் உண்டா, கணக்கு உண்டா? உழைப்பாளி மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஆலையில் ஆட்குறைப்பு வந்தால் தொழிலாளி நாளைக்கு டீக்கடைதான் போடுகிறார். பெரியாறு கால்வாயில் தண்ணீர் நின்று, ஒருபோக நிலத்தில் வேலை ஓய்ந்தால், விவசாயத் தொழிலாளியின் வீட்டுப் பெண்கள் கூடைதான் தூக்குகிறார்கள். ஆகவே இதை வியாபாரிகளின் விவகாரம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. இது நம் வீட்டு விவகாரம்.

வரி வேறு, கட்டணம் வேறு

வரி என்பது பொதுச் செலவுக்காக எல்லோரிடமும் வசூலிப்பது. அதைக் கொடுத்தவருக்கு நேராக இன்ன பலன் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கட்டணம் அப்படிப்பட்டதல்ல. ஒரு குறிப்பிட்ட வேலையை ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாருக்குச் செய்து கொடுத்து, அதற்கு ஆகும் செலவை அவர்களிடம் வாங்குவதே கட்டணம். நம் சென்னை ராஜ்யத்திலிருந்து போன சிரூர் மடத்து வழக்கில் 1954-ல் சுப்ரீம் கோர்ட் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லியது. மடங்களிடம் அறநிலைய இலாகா வாங்கிய தொகை, பெயரளவில் கட்டணமானாலும் செய்த வேலைக்கும் வாங்கிய பணத்துக்கும் தொடர்பு இல்லாததால், அது உண்மையில் வரியே என்று கோர்ட் தீர்ப்பளித்தது.

அது மடாதிபதிகளின் வழக்கு. ரிக்‌ஷாக்காரர்களின் வழக்கு ஒன்றும் உண்டு. அதை நம் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

காசி நகரத்து முனிசிபாலிடி ரிக்‌ஷா வைத்திருப்பவருக்கும் ஓட்டுகிறவருக்கும் லைசென்ஸ் கட்டணத்தை உயர்த்தியது. அந்த வழக்கு 1968-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. "ரிக்‌ஷாக்களுக்காக நாங்கள் என்னவெல்லாம் செலவு செய்கிறோம் பாருங்கள்" என்று முனிசிபாலிடி கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கில் தெருவுக்குக் கல் பாவிய செலவும் இருந்தது. தெருவிளக்குச் செலவும் இருந்தது. கோர்ட் அவற்றை ஏற்க மறுத்தது. தெரு போடுவதும் விளக்கு ஏற்றுவதும் சட்டப்படி முனிசிபாலிடி ஊருக்கெல்லாம் செய்ய வேண்டிய கடமை; அதை ரிக்‌ஷாக்காரனுக்குத் தனியாகச் செய்த உபகாரம் என்று சொல்லி அவன் தலையில் எழுத முடியாது என்றது. அந்தச் செலவைக் கழித்துப் பார்த்தால், ரிக்‌ஷாக்காரர்களிடம் வாங்கியதில் பாதிகூட அவர்களுக்காகச் செலவாகவில்லை என்று தெரிந்தது. உயர்த்திய கட்டணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

காசியில் ரிக்‌ஷா மிதித்தவர்களின் வழக்கில் கிடைத்த நியாயம் மேலூர்ச் சந்தைக்கும் பொருந்தாதா? "ரோடு போடுகிறோம், குப்பை அள்ளுகிறோம், விளக்குப் போடுகிறோம், அதனால் சீட்டுக் காசு" என்று சொன்னால் நாம் திருப்பிக் கேட்க வேண்டும்: அது ஊருக்குச் செய்யும் கடமை அல்லவா? இந்தக் கூடைக்காரருக்கென்று செய்தது என்ன? நிழலுக்கு ஒரு கூரை உண்டா? குடிக்கத் தண்ணீர் உண்டா? பெண்கள் ஒதுங்க ஒரு கழிப்பிடம் உண்டா? உண்டென்றால் அந்தக் கணக்கைக் காட்டுங்கள். இல்லையென்றால் காசு எதற்கு?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டம் எப்போதும் ஏழையின் பக்கமே நின்றதில்லை. கல்கத்தா கார்ப்பரேஷன் ஒரு சினிமாக் கொட்டகையின் லைசென்ஸ் தொகையை வருஷத்துக்கு 400 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தியபோது, அந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட், இது பெயருக்குத்தான் லைசென்ஸ் கட்டணம், உண்மையில் வரி, ஆகவே கைம்மாறாகச் சேவை காட்ட வேண்டியதில்லை என்று சொல்லிக் கார்ப்பரேஷன் பக்கம் தீர்ப்பளித்தது. 1999-ல் ஹைதராபாத் ஓட்டல்காரர்களின் வழக்கில், கட்டுப்பாட்டுக்காக வாங்கும் லைசென்ஸ் கட்டணத்துக்குச் சரிக்குச் சரி சேவை காட்ட வேண்டிய அவசியமில்லை என்றது. ஆனால் அந்த வழக்கிலும், கட்டணம் அளவுக்கு மீறிப் போகக் கூடாது என்ற எல்லையைக் கோர்ட் விட்டுவிடவில்லை. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்க ஆள் வேண்டும்; அவ்வளவுதான்.

ரேட் எப்படிப் பிறக்கிறது?

நியாயப்படி பார்த்தால் கணக்கு கீழிருந்து மேலே போக வேண்டும். இத்தனை கடைகள், அவற்றைப் பரிசோதிக்க இத்தனை சுகாதார ஆய்வாளர்கள், சந்தையைக் கழுவ இத்தனை ஆட்கள், ஆகும் செலவு இவ்வளவு, ஆகவே தலைக்கு இவ்வளவு என்று வர வேண்டும்.

நடைமுறை தலைகீழாக இருக்கிறது. முதலில் பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையைப் பார்க்கிறார்கள். பிறகு எதை எத்தனை சதவீதம் உயர்த்தினால் ஓட்டை அடைபடும் என்று பார்க்கிறார்கள். செலவுக்கு ஏற்ற கட்டணம் என்பது போய், பற்றாக்குறைக்கு ஏற்ற கட்டணம் என்று ஆகிவிடுகிறது.

லைசென்ஸ் ஏற்பட்ட காரணத்தையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1920-ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம் ஒரு பட்டியல் போட்டு, இன்னின்ன தொழிலை லைசென்ஸ் இல்லாமல் நடத்தக் கூடாது என்றது. தோல் பதனிடுவது போல, ஊராருக்கு ஆபத்தோ நாற்றமோ நோயோ வரக்கூடிய தொழில்களைக் கண்காணிப்பதே நோக்கம். அது நல்ல நோக்கம்; அதை நாம் எதிர்க்கவில்லை. கெட்டுப்போன எண்ணெயில் பலகாரம் சுட்டால் முதலில் வயிறு கெடுவது தொழிலாளியின் குழந்தைக்குத்தான். அதைப் பரிசோதிக்க ஆள் வரட்டும். ஆனால் பரிசோதனைக்கு ஆள் வராமல், பணத்துக்கு மட்டும் நோட்டீஸ் வருமானால், லைசென்சின் உயிர் போய்விட்டது. உடல் மட்டும் வசூலுக்கு அலைகிறது என்றே பொருள்.

அடுத்த கேள்வி: யார் தீர்மானிப்பது? 1993 ஜூனில் அமலுக்கு வந்த எழுபத்துநான்காவது திருத்தம், நகரசபைகளைச் சுயாட்சி ஸ்தாபனங்கள் என்றது. மாநிலச் சட்டம் அனுமதிக்கும் வரியையும் சுங்கத்தையும் கட்டணத்தையும் விதிக்க அவற்றுக்கு இடம் உண்டு என்றது. ஆனால் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை நகர உள்ளாட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலே இல்லை. தனி அதிகாரிகளின் ஆட்சி நடந்தது. கட்டணம் கொடுக்கிறவனுக்குக் கேள்வி கேட்க வார்டில் ஒரு மெம்பர்கூட இல்லாத காலம் அது. கவுன்சில்கள் திரும்பி வந்து சில வாரங்களுக்குள், 2022 ஏப்ரலில், சொத்துவரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. மத்திய நிதிக் கமிஷன் மானியத்துக்குப் போட்ட நிபந்தனையை அதற்குக் காரணமாகச் சொன்னது. டெல்லி நிபந்தனை போடுகிறது, சென்னை உத்தரவு போடுகிறது, நகரசபை தீர்மானம் போடுகிறது. கடைசியில் கட்டடக்காரர் கடை வாடகையை ஏற்றுகிறார். கடைக்காரர் டீயின் விலையை ஏற்றுகிறார். ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி அந்த டீயைக் குடிக்கிறார்! மேலே ஆரம்பித்த சங்கிலியின் கடைசிக் கண்ணி அவருடைய சட்டைப் பையில் மாட்டியிருக்கிறது.

குத்தகை என்னும் கொடுமை

சந்தைச் சீட்டில் இன்னொரு கொடுமையும் உண்டு. பல ஊர்களில் நகரசபை தானே காசு வசூலிப்பதில்லை. வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுகிறது. அதிகத் தொகை கேட்டவருக்குக் குத்தகை. சந்தை, பஸ் ஸ்டாண்ட், சைக்கிள் ஸ்டாண்ட், ஆடு அடிக்கும் தொட்டி, கட்டணக் கழிப்பிடம் என்று எல்லாவற்றுக்கும் இதே முறை.

இதன் விளைவு என்ன? ஏலம் எடுத்தவர் கட்டிய தொகையை எடுக்க வேண்டும். கையாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். தனக்கு லாபமும் பார்க்க வேண்டும். மூன்றும் எங்கிருந்து வரும்? கூடையிலிருந்துதான் வர வேண்டும். ஏலத்தொகை உயர உயர, "நகரசபைக்கு வருமானம் கூடியது" என்று நிர்வாகம் மார்தட்டுகிறது. உயர்ந்த தொகையைக் கட்டியது குத்தகைதாரரின் கையே தவிர, அவருடைய பணம் அல்ல. நிர்ணயித்த ரேட் ஒன்று, கையில் வாங்குவது வேறொன்று என்று ஆகிவிட்டால் கேட்பார் இல்லை. சீட்டுக் கொடுத்தால் புண்ணியம்; கொடுக்காவிட்டால் சாட்சி இல்லை.

சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 265-ஆவது ஷரத்து. அந்த ஷரத்து சந்தை வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டாமா?

பழைய கதை

இது இன்று முளைத்த வழக்கம் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் மோதர்பா என்று ஒரு வரி இருந்தது. தறிக்கு வரி, செக்குக்கு வரி, கடைக்கு வரி, தச்சன் உளிக்கு வரி. 1850-களில் இந்த வரியின் அநியாயம் லண்டன் பார்லிமெண்டு வரை பேச்சாயிற்று. தெருமுனையில் காய்கறி விற்கும் கிழவிக்கும் வரி போடுகிறார்கள். பக்கத்திலேயே கடை வைத்துப் பெருலாபம் சம்பாதிக்கும் ஐரோப்பிய வியாபாரிக்கு வரி கிடையாது என்று முறையிட்டார்கள். 1852-ல் சென்னை சுதேசிகள் சங்கம் பார்லிமெண்டுக்கு அனுப்பிய மனுவிலும் மோதர்பாவைப் பற்றிய புகார் இருந்தது. பிறகு அந்த வரி ஒழிந்தது. ஆனால் கிழவியின் கூடை அப்படியே இருக்கிறது. அதன் மேல் நீளும் கையும் அப்படியே இருக்கிறது.

அதற்கும் எட்டு நூற்றாண்டுக்கு முன் முதலாம் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கினான் என்பதற்காக மக்கள் அவனைச் "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று அழைத்தார்கள். எத்தனையோ போர்களில் ஜெயித்த ராஜாக்களின் பட்டங்கள் மறந்துபோயின. சுங்கத்தை நிறுத்தியவனின் பட்டம் மட்டும் இன்றும் நிற்கிறது. சுமை எவ்வளவு கனமாக இருந்திருந்தால் அதை இறக்கியவனுக்கு இந்தப் பெயர் கிடைத்திருக்கும்!

பணத்துக்கு எங்கே போவது?

"எல்லாம் சரி. கட்டணம் இல்லாவிட்டால் நகரசபை எப்படி நடக்கும்? துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. துப்புரவுத் தொழிலாளி நம்மவர். அவருக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வர வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பணம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

பணம் எங்கே இருக்கிறது? மேலூர் மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலூர் வட்டாரத்து மலைகளைக் கிரானைட்டாக அறுத்துக் கப்பலேற்றிய கதையை உலகமே அறியும். முறைகேடான குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று 2012-ல் அப்போதைய மதுரைக் கலெக்டர் உ. சகாயம் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 2014-ல் சென்னை ஹைகோர்ட் அவரையே விசாரணைக்கு நியமித்தது. கூடைக்குப் பத்து ரூபாய் என்று கணக்கு வைப்போம். 16,000 கோடி ரூபாய் என்பது 1,600 கோடிச் சீட்டு! ஒரு கீரைக் கட்டைக்கூடச் சீட்டு இல்லாமல் விடாத அரசாங்கக் கண்ணுக்கு, லாரி லாரியாகப் போன மலை தெரியாமல் போன மாயம் என்ன?

மதுரை மாநகராட்சியைப் பாருங்கள். கட்டடங்களின் சொத்துவரியை முறைகேடாகக் குறைத்துப் போட்டதாக வழக்குப் பதிவாகி, 2025-ல் கைதுகள் நடந்தன. மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். குற்றம் யாருடையது என்பதைக் கோர்ட் சொல்லட்டும். ஆனால் ஒரு பாடம் அதற்கு முன்பே தெரிகிறது: பெரிய கட்டடத்தின் வரியைக் குறைக்க வழி தேடுகிறவர்கள் உண்டு, கூடையின் சீட்டைக் குறைக்க வழி தேடுகிறவர்கள் இல்லை.

தொழில்வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டியவர் எல்லோரும் கடைசிப் படியில் இருக்கிறார்கள். மாதம் 13,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளியும் அந்தப் படியில்தான் நிற்கிறார். அதே ஆலையில் மாதம் பல லட்சம் வாங்கும் அதிகாரியும் அதே படியில்தான் நிற்கிறார். இருவருக்கும் ஒரே வரி! படியைக் கீழே இருப்பவருக்கு இறக்கி, மேலே இருப்பவருக்கு ஏற்ற வேண்டும் என்றால் 276-ஆவது ஷரத்தின் உச்சவரம்பு குறுக்கே நிற்கிறது. 1988-ல் திருத்திய அந்த வரம்பை இத்தனை வருஷமாகத் தொடாமல் வைத்திருப்பவர்கள், சந்தைச் சீட்டை மட்டும் ஏலத்துக்கு ஏலம் உயரவிடுவது என்ன நியாயம்?

நகரசபையின் கையில் பணமில்லை என்பது உண்மைதான். கையில் பணம் இல்லாதவன் மேலே இருப்பவனிடம் பங்கு கேட்டு வாதாட வேண்டும். கீழே இருப்பவனின் மடியைத் தடவக் கூடாது.

கட்டணம் இல்லாமல் சந்தை நடக்காதா?

நடக்கும். நடந்துகொண்டிருக்கிறது. மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவரே நேரில் விற்பது, அவருக்கு அடையாள அட்டை உண்டு, கடைக்கு வாடகை கிடையாது, தராசும் இலவசம், அன்றைய விலை பலகையில் எழுதப்படும். அதனால் சந்தை நின்றுபோய்விட்டதா? முறையும் ஒழுங்கும் கெட்டுப்போயிற்றா? இல்லை. ஆனால் அங்கே இடம் நிலம் உள்ள உழவருக்குத்தான். நிலமில்லாத விவசாயத் தொழிலாளி, கமிஷன் மண்டியில் வாங்கித் தெருவில் விற்றால், அவர் தலையில் சீட்டு விழுகிறது. நிலம் உள்ளவருக்குக் கொடுத்த சலுகையை நிலமற்றவருக்கு மறுப்பதற்கு என்ன காரணம்?

அவருக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. தெருவோரத்தில் வியாபாரம் செய்வது, ஒழுங்குகளுக்கு உட்பட்டு, அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமையில் அடங்கும் என்று 1989-ல் சோதன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதன் பிறகு, வியாபாரிகளின் நீண்ட போராட்டத்தின் பலனாக, 2014-ல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் தெரு வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வியாபாரிகளைக் கணக்கெடுத்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்துவதானால் முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். வியாபாரி கேட்டு வந்தால் அழுகும் சரக்கை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும்.

இந்தச் சட்டம் காகிதத்தில் தூங்கினால் யாருக்குப் பலன்? குழுவில் உட்கார வேண்டிய நாற்பது பேரின் நாற்காலியில் அப்பத்தாவைப் போன்றவர்கள் உட்கார வேண்டும். சீட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதை, சீட்டு வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

ஒரு தள்ளுவண்டிக்காரனை அலட்சியமாக நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. துனிசியா நாட்டில், சிதி பூசித் என்ற சிற்றூரில், முகமது புவாசிசி என்ற இளைஞர் பழவண்டி தள்ளிப் பிழைத்தார். 2010 டிசம்பர் 17-ஆம் தேதி நகரசபை ஆட்கள் அவருடைய தராசைப் பறித்துக்கொண்டார்கள். முறையிடப் போன இடத்தில் கேட்பார் இல்லை. மனம் வெதும்பித் தனக்குத்தானே தீ வைத்துக்கொண்ட அவர் ஜனவரி 4-ஆம் தேதி இறந்துபோனார். அடுத்த பத்து நாளில், இருபத்துமூன்று வருஷம் நாட்டை ஆண்ட ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடினார். அப்படி ஓர் உயிர் போக வேண்டும் என்று யாரும் விரும்ப மாட்டார்கள். உயிர் போவதற்கு முன்பே ஜனங்கள் ஒன்றுசேர்ந்து கேட்க வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

கேட்டால் கிடைக்கும்

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்பட வேண்டாம். கிராம ஊராட்சிகளில் கடைக்கும் தொழிலுக்கும் லைசென்ஸ் கட்டணம் விதிக்கும் புதிய விதிகளை 2025-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. கிராமத்துப் பெட்டிக்கடைக்கும் டீக்கடைக்குமா என்று எங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த ஜூலை மாதக் கடைசியில் அரசு அவற்றை நிறுத்தி வைத்தது. நிறுத்தி வைத்தது வேறு, ரத்து செய்வது வேறு என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இன்னும் பெரிய சாட்சி மேலூர் மண்ணிலேயே இருக்கிறது. அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான உரிமத்தை 2024 நவம்பரில் மத்திய அரசு ஏலத்தில் ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்தது. ஊராரை யாரும் கேட்கவில்லை. மேலூரிலிருந்து மதுரை தமுக்கம் நோக்கி ஜனசமுத்திரம் நடந்தது. 2025 ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் ரத்தாயிற்று. ஆயிரக்கணக்கான ஏக்கருக்குக் கொடுத்த உரிமத்தை ரத்து செய்ய வைத்த கால்களுக்கு, சந்தை வாசல் எத்தனை தூரம்?

ஆகவே உழைப்பாளி மக்களின் சார்பில் நாம் கோருவது இவை:

ஒன்று: ஒவ்வொரு சந்தை வாசலிலும், பஸ் ஸ்டாண்டிலும், கூடைக்கு இவ்வளவு, தள்ளுவண்டிக்கு இவ்வளவு என்று பெரிய தமிழ் எழுத்தில் பலகை வைக்க வேண்டும். எண் அச்சிட்ட ரசீது இல்லாமல் ஒரு காசும் வாங்கக் கூடாது.

இரண்டு: லைசென்சாலும் சந்தைச் சீட்டாலும் வந்தது எவ்வளவு, அந்த வியாபாரிகளுக்காகச் செலவழித்தது எவ்வளவு என்று வருஷாவருஷம் தனிக் கணக்கு வெளியிட வேண்டும். ஊருக்குச் செய்யும் கடமையை அதில் சேர்க்கக் கூடாது.

மூன்று: வசூல் உரிமையை ஏலம் விடும் முறையை ஒழித்து, நகரசபையே நேராக வசூலிக்க வேண்டும். அதுவரை குத்தகை நிபந்தனைகளை எல்லோரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும்.

நான்கு: தலைச்சுமைக் கூடைக்குக் கட்டணமே கூடாது. தள்ளுவண்டிக்கும் சிறு டீக்கடைக்கும் பெயரளவுக் கட்டணம் போதும். பெரிய ஜவுளி மாளிகைக்கும் ஓட்டலுக்கும் அவற்றின் பரப்புக்கும் வருமானத்துக்கும் தக்கபடி படிப்படியாக உயர வேண்டும்.

ஐந்து: 2014-ஆம் வருஷச் சட்டப்படி விற்பனைக் குழுவுக்கு முறையாகத் தேர்தல் நடத்த வேண்டும். அந்தக் குழுவைக் கேட்காமல் எந்த ரேட்டையும் உயர்த்தக் கூடாது.

ஆறு: சொத்துவரியில் பெரும் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை நகரசபை வாசலில் ஒட்ட வேண்டும். அதை வசூலித்த பிறகே சிறு கட்டணங்களை உயர்த்துவது பற்றிப் பேச வேண்டும்.

கோரிக்கை எழுதினால் மட்டும் போதாது. இந்த வாரமே ஆரம்பிக்கலாம். வாங்கும் ஒவ்வொரு சீட்டையும் கிழித்துப் போடாமல் நூலில் கோத்து வையுங்கள். சீட்டுத் தராதவரிடம் சீட்டுக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அதட்டுவார்கள். பத்துப் பேர் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஆலைத் தோழர்கள், விடுமுறை நாளில் சந்தைக்குப் போய், அந்தச் சீட்டுகளைக் கணக்குக் கூட்டிக் கொடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, சந்தைச் சீட்டில் வந்த பணம் எவ்வளவு, அது எங்கே போயிற்று, குத்தகை நிபந்தனை என்ன என்று யார் வேண்டுமானாலும் ஒரு மனு எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்த மனுவுக்குக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய். நாம் அப்பத்தாவின் கூடைக்குக் கணக்குப் போட்டோமே, அதே பத்து ரூபாய்.

ஒரு நாள் அந்தப் பத்து ரூபாய் நகரசபைக்குப் போகட்டும். சீட்டுக்காக அல்ல, கணக்குக்காக!